இறங்குமிடத்து வானம்

பிரஷாந்திக்குக் கலியாணமாகி மூன்றாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. அதில் புருஷனோடு ஒரே கூரையின் கீழ் இருந்த காலத்தையெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு மாரிகாலம் முழுதாகத் தேறாது. கிருஷாந் கப்பல்காரன். வாகரைக் கரையில் பிறந்து, நடக்கப் பழகிய கையோடு வள்ளத்தில் ஏறியவன். கலியாணம் முடித்து, மட்டக்களப்பு வழக்கப்படி ஆரையம்பதியில் பெண்வீட்டில் வந்து குடியிருந்தவன், கலியாணப் பந்தல் போட்ட குழிகள் தூர்வதற்கு முன்பே கப்பலேறிவிட்டான். இடையில் இரண்டு தரம் வந்தான். இரண்டு தரமும் வந்த களைப்பு ஆறுவதற்கும் போகிற ஆயத்தம் தொடங்குவதற்கும் நடுவில் இருந்த நாட்கள்தான் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை.

அவனுடைய குரல் அவளுக்கு நன்றாகத் தெரியும். எந்த நேரத்தில் அழைப்பான், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன் எப்படி ஒருமுறை செருமுவான் என்பதெல்லாம் தெரியும். ஆனால் தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி போடுவான் என்று யாராவது கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லவேண்டியிருந்தது.

பாசிக்குடா வேலையைப் பற்றி அவளுக்குச் சொன்னவனும் அவன்தான். வெளிநாட்டு விண்வெளிக் கம்பனி ஒன்று, பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த தன் சிறிய நிலையத்திலிருந்து இரண்டு பேரைத் திருப்பி இறக்க ஒரு கடலைத் தேடியது. ஆவணி மாதத்தில் இலங்கையின் மேற்குக் கடல் பொங்கிக்கொண்டிருக்கும். கிழக்கில் அப்படியில்லை. நிலப்பக்கமிருந்து கச்சான் என்ற மேல்காற்று வீசுவதால் மட்டக்களப்புக் கடல் தட்டுப்போலப் படுத்துக் கிடக்கும். அதனால் இந்தக் கடலை எடுத்துக்கொண்டார்கள். விண்கலம் பரசூட்டில் வந்து கடலில் விழுந்ததும் அதைத் தூக்கியெடுப்பதற்கு ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்தார்கள். அது கிருஷாந் வேலைசெய்த கப்பல். கலத்தை நோக்கி முதலில் ஓடும் வேகப்படகை ஓட்டுகிறவன் அவன். கரையிலே காலநிலை பார்க்க ஆள் தேடுகிறார்கள், நீ படித்தது அதுதானே என்று அவன் செய்தி அனுப்பியபோது, பிரஷாந்தி பௌதிகவியலில் பட்டமும் அதற்குமேல் வளிமண்டலவியலில் ஒரு பட்டமும் வாங்கிவிட்டு, ரியூசன் வகுப்பில் உயர்தரப் பிள்ளைகளுக்கு வெப்பவியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நேர்முகத்தில் கேட்க முன்பே அவள் சொல்லிவிட்டாள், என் கணவர் அந்தக் கப்பலில் இருக்கிறார் என்று. அவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள். வேலையும் கொடுத்தார்கள்.

பாசிக்குடாவில் ஒரு விடுதியின் மேல்மாடியில்தான் அலுவலகம். மூன்று பேர். பொறுப்பாக இருந்தவர் ஷஸ்னா. காத்தான்குடிக்காரி. வளைகுடா நாட்டு விமான நிலையங்களில் பல வருடம் காலநிலை எதிர்வுகூறல் செய்துவிட்டு ஊர் திரும்பியவர். பிரஷாந்தி அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டாள். மற்றவன் நிலோஜன், பலூனும் வானொலிக் கருவிகளும் அவன் பொறுப்பு. காலையும் பின்னேரமும் ஒரு பெரிய வெள்ளைப் பலூனில் சின்னக் கருவிப்பெட்டி ஒன்றைக் கட்டி மேலே விடுவார்கள். அது ஏற ஏற, ஒவ்வொரு உயரத்திலும் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம், காற்று எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டே போகும். பலூன் வெடித்ததும் அதன் பேச்சு நின்றுவிடும்.

கச்சானுக்கு இன்னொரு குணமும் உண்டு. பகல் முழுக்க மேற்கே உன்னிச்சைக்கும் அதற்கப்பால் மலைப்பக்கத்துக்கும் மேலே எழும்பி நிற்கும் இடிமுகிலைப் பின்னேரமானதும் அது கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். சில நாளில் முகில் மட்டக்களப்பு வாவியைத் தாண்டாமலே கரைந்துபோகும். சில நாளில் கரையையும் தாண்டி ஆழ்கடல்வரை போய் நின்று மின்னும். கலம் இறங்குவதும் பின்னேரத்தில்தான். அது சுற்றிவரும் பாதைக்கும் பகல் வெளிச்சத்துக்கும் ஒத்துவந்த நேரம் அது ஒன்றுதான். ஆனால் இறக்குவதா இல்லையா என்ற முடிவை நண்பகலுக்கு முன்பே எடுத்துவிடவேண்டும். நிலையத்தை விட்டுக் கழன்று, இயந்திரத்தைக் கொளுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டால் அதற்குப் பிறகு கலத்தைத் திருப்ப முடியாது. கீழே இடி இடித்தாலும் அதற்குள்தான் வந்து விழவேண்டும். ஆகவே கம்பனி ஒரு விதி வைத்திருந்தது. இறங்குமிடத்தைச் சுற்றி இடிமுகில் வருவதற்கான சாத்தியம் நூற்றுக்குப் பத்து வீதத்துக்கு மேல் என்றால் இறக்குவதில்லை.

இங்கே இறக்குவதற்கு அடுத்தடுத்து இரண்டு நாட்கள்தான் ஒதுக்கியிருந்தார்கள். இரண்டும் தவறினால் கலம் இந்து சமுத்திரத்தின் மறுகரைக்குப் போய்விடும். அங்கே வேறொரு கப்பல் காத்து நின்றது. அப்படிப் போனால் கிருஷாந்தின் கப்பலுக்கு இங்கே வேலையில்லை. அடுத்த வாடகைக்காரன் செங்கடல் பக்கம் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். இங்கே இறங்கினாலோ, கலத்தை ஏற்றிக்கொண்டு கப்பல் திருகோணமலைத் துறைமுகத்துக்குள் வரும். ஆட்களுக்கு விடுமுறை. திருகோணமலையிலிருந்து ஆரையம்பதிக்கு ஒரு பஸ் தூரம்.

கப்பல் அப்போது கடலில்தான் நின்றது. விடுதி மாடியிலிருந்து பார்த்தால் தெரியாத தூரம், ஆனால் அதே தண்ணீர். கலியாணமான நாளிலிருந்து அவன் ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து, கரையேறாமல் நின்றது அதுதான் முதல்தடவை. பிரஷாந்தி வேலை இடைவேளைகளில் கடற்பக்கம் போய் நிற்பாள். பாசிக்குடாக் கடலில் வெகுதூரம் நடந்துபோனாலும் இடுப்பளவுக்கு மேல் ஆழமில்லை. சுற்றுலாக்காரர்கள் சிரித்துக்கொண்டு நடந்துபோவார்கள். இப்படியே நடந்துகொண்டிருந்தால் எங்கேயாவது அவன் நிற்கும் இடத்துக்குப் போய்விடலாம் என்பதுபோல அவளுக்குத் தோன்றும். அந்த எண்ணம் வந்ததும் வெட்கப்பட்டுத் திரும்பிவிடுவாள்.

வீட்டில் அம்மா பத்தினிப்பிள்ளை, மருமகன் வருகிறார் என்று முடிவுகட்டிவிட்டிருந்தா. அறைக்குப் புதுச் சாயம் அடித்தாயிற்று. வாவியில் நண்டு பிடிக்கிற ஒருவரிடம் சொல்லிவைத்தாயிற்று. நாளுக்கொருதரம் போன் எடுத்து, எப்போது இறக்குகிறார்கள் என்று கேட்பா. இறங்கும் ஆட்கள் யார், எந்த நாடு என்றெல்லாம் அவவுக்கு அக்கறையில்லை. அவர்கள் இறங்கினால் மருமகன் வருவார். அவ்வளவுதான்.

அந்த இரண்டு பேரில் ஒருவர் பெண். முதல் சந்தர்ப்பத்துக்கு முந்தினநாள், மேலேயிருந்து தரையிலிருந்த ஒவ்வொரு நிலையத்தோடும் அவர்கள் சில வார்த்தை பேசினார்கள். அந்தப் பெண் பாசிக்குடாவைக் கூப்பிட்டு, கீழே காற்று எப்படி என்று கேட்டாள். பிரஷாந்தி வேகத்தையும் திசையையும் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, தான் அதைக் கேட்கவில்லை, முகத்தில் பட்டால் எப்படியிருக்கும் என்று கேட்டதாகச் சொன்னாள். பல மாதமாக முகத்தில் காற்றுப் படவில்லையாம். சூடான காற்று, கொஞ்சம் புழுதி மணக்கும் என்றாள் பிரஷாந்தி. மேலேயிருந்து நன்றி என்று ஒரு சொல் வந்தது.

இறக்க ஒதுக்கிய முதல் நாள் யோசிக்கவே இடம் வைக்கவில்லை. காலைப் பலூன் மேலே போகும்போதே ஈரம் ஈரம் என்று சொல்லிக்கொண்டு போனது. நடு உயரத்தில் கச்சான் பலமாக இருந்தது. ஷஸ்னாவும் பிரஷாந்தியும் தனித்தனியே கணக்குப் பார்த்து, இரண்டு பேருமே நாற்பது வீதத்துக்கு மேல் போட்டார்கள். கம்பனியின் தலைமை நிலையம் வேண்டாம் என்றது. பின்னேரம் சொன்னபடியே கறுத்துக்கொண்டு வந்து கடலுக்கு மேலே அரைமணி நேரம் விடாமல் மின்னியது. எல்லோருக்கும் திருப்தி. பிரஷாந்திக்கும் அன்று பெரிய கவலையில்லை. நாளைக்கு இருக்கிறதே என்றிருந்தாள்.

அன்று வேலை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது ஷஸ்னா, நாளைக்கு நீ ஒதுங்கி நிற்கிறாயா என்று கேட்டார். தான் மட்டும் எண் கொடுத்தால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை என்றார். அதில் பழி ஒன்றும் இல்லை, பரிவுதான் இருந்தது. பிரஷாந்தி யோசித்துப் பார்த்தாள். ஒதுங்கிவிட்டால் அவன் வந்தாலும் வராவிட்டாலும் அது தன் கையில் இல்லை. அது மிக இலேசான வழி. ஆனால் இரண்டு தனித்தனிக் கண்கள் பார்க்கவேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு பேரை வைத்திருக்கிறார்கள். மேலே இருக்கிற அந்த இரண்டு பேருக்கு ஒரு கண்ணைக் குறைப்பதற்குத் தனக்கு என்ன உரிமை என்று நினைத்தாள். நிற்கிறேன் மிஸ் என்றாள்.

இரண்டாம் நாள் விடிந்தபோது வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. கணினிக் கணிப்புகள் எல்லாம் சேர்ந்து இன்று நல்ல நாள் என்றன. காலைப் பலூனும் பெரும்பாலும் அதைத்தான் சொன்னது. கீழே ஈரம் இருந்தாலும் அதற்கு மேலே ஒரு காய்ந்த காற்றுப் படை படுத்திருந்தது. அந்தப் படை தடித்திருக்கும்வரை எழும்பிவரும் முகில் அதிலே மூச்சுமுட்டி நின்றுவிடும். ஆனால் முந்தின பின்னேரம் விட்ட பலூனோடு ஒப்பிட்டால் அந்தப் படை மெலிந்திருந்தது. இன்னும் மெலியுமா, இப்படியே நிற்குமா? கேள்வி அது ஒன்றுதான்.

வழக்கம்போல் இருவரும் வேறு வேறு மேசையில் இருந்து கணக்குப் பார்த்தார்கள். முடித்துவிட்டு ஷஸ்னா கதிரையைத் திருப்பினார்.

“நான் எட்டு போட்டிரிக்கன்.”

“நான் பதினைஞ்சு மிஸ்.”

ஷஸ்னா குரலைத் தாழ்த்தி, “ஒண்டு கேக்கன், கோவிக்காத புள்ள” என்றார். “அவர் படகுல நிக்கார், மின்னல் வந்திரும் எண்டு பயந்து கூட்டினியா? இல்லாட்டி, அவர் வரணும் எண்டு ஆசைப்படுறது பிழை எண்டு நினைச்சுக் கூட்டினியா?”

ஆசை எண்ணைக் குறைத்துவிடும் என்று மட்டும்தான் பிரஷாந்தி இத்தனை நாளும் காவலிருந்தாள். அந்த ஆசைக்குப் பயந்தே எண் கூடிவிடலாம் என்று நினைத்துப் பார்க்கவில்லை. ஷஸ்னா கேட்டது நியாயமான கேள்வி. அதுதான் சுட்டது. மேலே இருக்கிற அந்தப் பெண்ணைத் தன் மனச்சாட்சியைக் காட்டுவதற்காக இன்னும் சில நாள் மேலேயே நிறுத்திவைத்தால் அதுவும் பிழைதானே?

“எனக்கே தெரியா மிஸ்” என்றாள். “இன்னொரு பலூன் விட நேரம் இருக்கா?”

நேரம் இருந்தது, மட்டுமட்டாக. நிலோஜன் ஓடிப்போய் பலூனுக்கு வாயு நிரப்பினான். வெள்ளைப் பலூன் மணலிலிருந்து எழும்பியபோது சுற்றுலாக்காரர்கள் கைதட்டிப் படம் எடுத்தார்கள். மேல்மாடியில் திரைக்கு முன்னால் மூன்று பேரும் நின்றபடி பார்த்தார்கள். கீழ்ப் படையில் ஈரம் காலையைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. பலூன் காய்ந்த படைக்குள் நுழைந்தது. அந்தப் படையின் அடிப்பக்கமும் சற்று நனைந்துதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் ஏறினால் முழுத் தடிப்பும் தெரிந்துவிடும் என்ற இடத்தில் கோடு நின்றது. பலூன் வெடித்துவிட்டது. நிலோஜன் கையை விரித்தான். இனி ஒன்று விட நேரமில்லை.

பிரஷாந்தி மறுபடி தன் மேசையில் உட்கார்ந்தாள். கிருஷாந் அந்தக் கப்பலிலேயே இல்லை என்று வைத்துக்கொண்டு பார்ப்போம் என்று நினைத்தாள். அவன் வேலையை விட்டுவிட்டான். ஆரையம்பதி வீட்டில் இருக்கிறான். இப்போது, இந்தக் காலைநேரத்தில், என்ன செய்துகொண்டிருப்பான்? படுத்திருப்பானா, கிணற்றடியில் நிற்பானா, அம்மாவோடு கதைத்துக்கொண்டிருப்பானா? அவளால் அவனை வீட்டில் எந்த இடத்திலும் வைத்துப் பார்க்க முடியவில்லை. பெட்டியோடு வாசலில் நிற்கிறவனாகத்தான் அவன் வந்தான், ஒவ்வொரு தரமும். கண்ணில் தண்ணீர் முட்டியது. அதைத் துடைத்துவிட்டு அந்த யோசனையைக் கைவிட்டாள். பிறகு எண்களை மட்டும் வைத்து ஆரம்பத்திலிருந்து வந்தாள். ஈரம் இவ்வளவு, படை இவ்வளவு மெலிந்தது, கடற்காற்று வாவிக்கரையில் எப்போது முட்டும், இதேபோன்ற நாட்களில் முன்பு என்ன நடந்தது. ஒவ்வொரு இடத்திலும் நின்று, இந்த எண்ணை இன்னொருத்தியின் புருஷனுக்காகவும் இப்படியே எழுதுவேனா என்று கேட்டுக்கொண்டாள். சில இடத்தில் கூட்டியிருந்தது தெரிந்தது. குறைத்தாள். கடைசியில் ஒரு இடத்தில் வந்து நின்றாள். அதற்குக் கீழே போக வழி கிடைக்கவில்லை.

“பதிமூண்டு” என்றாள். “நீங்க சொன்னது உண்மைதான் மிஸ், கொஞ்சம் கூட்டித்தான் இருந்தன். ஆனா பதிமூண்டுக்குக் கீழ என்னால வர ஏலாது.”

ஷஸ்னா தன் எண்ணைத் திரும்பப் பார்த்து ஒன்பதாக்கினார். அதற்கு மேல் அவரும் ஏறவில்லை. இரண்டு எண்களையும் காரணங்களோடு அனுப்பினார்கள். இரண்டு கண்கள் ஒத்துப்போகாவிட்டால் பெரிய எண்ணைத்தான் எடுப்பது என்பது தலைமை நிலையத்தின் பழக்கம். அதிகநேரம் எடுக்கவில்லை. கடல்கடந்த குரல் ஒன்று இருவருக்கும் நன்றி சொல்லி, இன்றைக்கு இல்லை, கலத்தை மறுகரைக்கு அனுப்புகிறோம் என்றது. மேலே இருந்த இரண்டு பேருக்கும் அதைச் சொன்னார்கள். சரி, விளங்குகிறது என்று அந்தப் பெண் சொன்னது பாசிக்குடாவிலும் கேட்டது.

இனி அவர்களுக்குச் செய்ய வேலையில்லை. பிரஷாந்தி மொட்டைமாடிக்கு ஏறிப்போய் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றாள். மத்தியானத்துக்குப் பிறகு உன்னிச்சைப் பக்கம் ஒரு வெள்ளைத் தலை எழும்பியது. மெல்ல மெல்லப் பெருத்தது, தலை தட்டையாகிக் கிழக்கே சரிந்தது. அவள் வாழ்நாளில் ஒரு முகிலை அப்படி விரும்பியதில்லை, அப்படி வெறுத்ததுமில்லை. வா, வந்து கடலுக்கு மேலே நின்று இடி, அப்போதுதான் நான் சொன்னதற்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று ஒரு மனம் சொன்னது. முழக்கம் கேட்டது. தெற்கே வாவிப் பக்கம் வானம் கருநீலமானது.

அம்மா போன் எடுத்தா. ஆரையம்பதியில் கொட்டுகிறதாம், முற்றமெல்லாம் வெள்ளமாம். இறக்கிவிட்டார்களா என்று கேட்டா. இல்லையம்மா, இங்கே இறக்கவில்லை என்றாள். பின்னால் தகரத்தில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. நண்டுக்காரனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடவா என்று கேட்டா. சொல்லிவிடுங்கள் என்றாள்.

முகில் கரைவரை வந்தது. கரையில் வந்து, வாசலில் யோசிக்கிற விருந்தாளியைப்போல நின்றது. பிறகு உடைந்தது. செய்மதிப் படத்தில் பார்த்தார்கள், ஒவ்வொரு துண்டாகக் கரைந்து, கடலுக்கு மேலே போனது வெறும் மெல்லிய வெள்ளைப் புகைதான். இறங்க வேண்டிய நேரத்தில் இறங்குமிடத்து வானம் நீலமாக இருந்தது. காற்று மென்மை. அலை முழங்காலளவுகூட இல்லை. கலம் அங்கே இறங்கியிருந்தால் பூவைத் தண்ணீரில் விட்டதுபோல இறங்கியிருக்கும்.

யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. நூறு நாளில் பதின்மூன்று நாள் இடிக்கும் என்றால் எண்பத்தேழு நாள் இடிக்காது, இன்று அந்த எண்பத்தேழில் ஒன்று என்று அவளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பாள். ஷஸ்னா பக்கத்தில் வந்து நின்றார். ஆறுதல் சொல்லவில்லை. நாளைக்கும் இதே பலூன், இதே எண்கள் வந்தால் என்ன போடுவாய் என்று கேட்டார். பதிமூன்றுதான் என்றாள் பிரஷாந்தி. ஷஸ்னா தலையாட்டிவிட்டு, தான் ஒன்பதுதான் போடுவேன் என்றார். இருவரும் கடலைப் பார்த்தார்கள்.

சூரியன் மறைந்ததும் கிருஷாந் அழைத்தான். கப்பலில் ஆட்கள் முறைவைத்துப் பேசுவார்கள், அவனுக்குக் கிடைப்பது கொஞ்சநேரம்தான். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது. கப்பல் புறப்பட்டுவிட்டது.

“தெற்கால திருப்பிட்டாங்க” என்றான். “நாங்க எல்லாரும் காலமையே படகுல ஏறி ரெடியா நிண்டம். பிறகுதான் சொன்னாங்க, இல்லையாம் எண்டு. என்ன நடந்த?”

சொல்லாமல் விட்டிருக்கலாம். தலைமை நிலையத்தின் முடிவு என்றால் அது பொய்யுமில்லை.

“நான்தான் வேணாம் எண்டு சொன்னன்” என்றாள்.

அவன் செருமவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

“மிஸ் போட்டது சின்ன எண். நான் போட்டது பெரிசு. பெரிசத்தான் எடுப்பாங்க.”

“இஞ்ச ஒரு மழையும் இல்ல பிரஷா. கடல் எண்ணெய் மாதிரி கிடந்த.”

“தெரியும். பார்த்தன்.”

மறுபடி இயந்திரச் சத்தம். யாரோ பின்னால் சிங்களத்தில் ஏதோ கத்தினார்கள். அவன் கோபப்பட்டிருக்கிறானா, அழுகிறானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரியும். அந்த முகம் ஒவ்வொரு நிமிடமும் தூரப்போய்க்கொண்டிருந்தது.

“நான் எண்டா இறக்குங்க எண்டு சொல்லியிருப்பன்” என்றான் கடைசியில்.

“அதுவும் தெரியும்.”

“அதுதான் உன்ன அந்த வேலைக்கு எடுத்திருக்காங்க. என்னய எடுக்கல்ல.” மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. “மாமி நண்டு சொல்லிவச்சிருந்தாவாம் என்ன? போன கிழமை என்னட்டச் சொன்னவ.”

அப்போதுதான் அவள் அழுதாள். அவன் முறை முடியும்வரை அவள் அழுததைக் கேட்டுக்கொண்டிருந்தான். வைத்துவிடு என்று யாரும் சொல்லாமலே தொடர்பு அறுந்தது.

கலம் மறுகரையில் பத்திரமாக இறங்கியது. பாசிக்குடாவில் மூன்று பேரும் அதைத் திரையில் பார்த்தார்கள். கதவு திறந்ததும் அந்தப் பெண்ணைத் தூக்கி வெளியே இருத்தினார்கள். அவள் கையசைக்கவில்லை, சிரிக்கவுமில்லை. காற்று வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். நிலோஜன் கைதட்டினான். பிரஷாந்தியும் தட்டினாள். மனதார ஒரு சந்தோசம் வந்தது. அதற்குப் பக்கத்திலேயே, யாரோ தன் இலையிலிருந்து எடுத்துச் சாப்பிடுவதுபோல ஒரு சின்னக் கசப்பும் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளாமல் இருந்தன.

அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு அவரவர் ஊருக்குப் போனார்கள். கம்பனி அடுத்த வருடம் திரும்ப வருவதாகச் சொன்னது. பிரஷாந்தி மறுபடி ரியூசன் வகுப்புக்குப் போனாள். ஆனால் ஒரு பழக்கம் அவளோடு வந்துவிட்டது. காலையில் எழும்பியதும் கிருஷாந்தின் கப்பல் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து, அந்தக் கடலின் அடுத்த நாள் காற்றையும் அலையையும் கணக்குப் பார்ப்பாள். பார்த்து அவனுக்கு அனுப்புவாள். யாரும் கேட்கவில்லை, கப்பலுக்கு வேறு நல்ல எதிர்வுகூறல் வந்துகொண்டுதானிருந்தது. முதலில் அவன் பதில் போடவில்லை. இறக்காமல் போன அந்தப் பின்னேரம் இருவருக்கும் நடுவில் இன்னும் இருந்தது. பிறகு ஒருநாள், நீ சொன்னதைவிட அலை பெரிசு என்று எழுதினான். அடுத்த நாள், இன்றைக்குச் சரி என்று எழுதினான். அதற்குப் பிறகு அவள் அனுப்பப் பிந்தினால், இன்றைய காற்று எங்கே என்று அவனே கேட்கத் தொடங்கினான். ஊரில் மாரி பிடித்து, வாவி நிறைந்து, வெள்ளம் கடலுக்கு வடிய முகத்துவாரம் வெட்டிவிட்ட காலத்தில் அவள் செங்கடலின் தூசிக்காற்றைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். அன்பு என்று எழுத அவர்களுக்கு இருந்த சொற்கள் அவைதான்.

விடுமுறை இரண்டு தரம் தள்ளிப்போய், தை மாதத்தில் அவன் வந்தான். கொழும்பு பஸ்ஸிலிருந்து மெலிந்து, கறுத்து, தாடியோடு இறங்கினான். அம்மா அன்று நண்டு காய்ச்சினா. சாப்பிட்டு முடித்தபோது, மறுகரைக்குப் போன கலத்தைப் பற்றி அம்மாதான் பேச்செடுத்தா. அதை இங்கே இறக்கியிருந்தால் அப்போதே வந்திருப்பீர்கள் மருமகன் என்றா. கிருஷாந் நண்டுக் காலைக் கடித்துக்கொண்டே, அன்றைக்கு இங்கே நல்ல மழை பெய்ததாமே மாமி என்று மட்டும் சொன்னான். பிரஷாந்தி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் கறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வந்த கிழமையெல்லாம் மழை. அவர்கள் அதிகம் வெளியே போகவில்லை. தேத்தண்ணிக்கு அவன் இரண்டு கரண்டி சீனி போட்டான், நிறையத்தான். மழை ஓய்ந்த ஒரு காலையில் இருவரும் வாவிக்கரைக்கு நடந்துபோனார்கள். தோணிகள் கவிழ்த்துவைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் கலங்கி, தாழை மரங்களின் அடிவரை ஏறி நின்றது. கிருஷாந் கையில் கிடைத்த குச்சியால் மணலில் கோடு இழுத்துக்கொண்டிருந்தான்.

“பங்குனியில வரச்சொல்றாங்க” என்றான். “பழைய கப்பல்தான். சிங்கப்பூர் பக்கம்.”

அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. வந்தவன் போவான் என்று தெரியாமலா இத்தனை வருடம் இருந்தாள். ஆனாலும் அவன் வாயால் வரும்வரை அந்த மாதத்துக்குப் பெயர் இருக்கவில்லை.

“பங்குனியில அந்தப் பக்கம் கடல் எப்படி?” என்று கேட்டான். கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். காற்று கூட, அலை கூட, போகவேண்டாம் என்று ஒரு சொல் அவள் சொன்னால், அதைப் பிடித்துக்கொண்டு கம்பனிக்கு ஏதாவது காரணம் எழுதிவிடுவான்போல அந்தப் பார்வை இருந்தது.

பிரஷாந்தி வாவியைப் பார்த்தாள். பங்குனிக் கடலை அவளுக்கு நன்றாகத் தெரியும். வாடை ஓய்ந்து, கச்சான் தொடங்காமல், இரண்டுக்கும் நடுவில் கடல் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும் மாதம். வருடத்தில் அதைவிடச் சாந்தமான மாதம் இல்லை.

“நல்லா இருக்கும்” என்றாள். “காற்றே இருக்காது.”

அவன் குச்சியைத் தண்ணீருக்குள் எறிந்துவிட்டு அவள் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.